திரைப்பாட்டை வைத்துச் செய்யுள் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்ச் செய்யுள் எடுக்கிறவர்களுக்காக எழுதியது இது. செய்யுளையும் திரைப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துவது பற்றிச் சக ஆசிரியர்கள் கேட்டவை, பெற்றோர் கூட்டத்தில் எழுந்தவை, மாணவர்களே மடக்கிக் கேட்டவை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன.

பாட்டுப் போட்டால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், சரி. அதற்கு மேல் என்ன இருக்கிறது?

நிமிர்ந்து உட்காருவது பாட்டு முடிகிற வரைதான். அப்புறம் "பார்த்தீர்களா, இந்தப் பாட்டும் இந்தச் செய்யுளும் ஒரே கருத்து" என்று சொல்லி முடித்தால், பிள்ளைகள் பாட்டை எடுத்துக்கொண்டு செய்யுளை நம்மிடமே விட்டுவிட்டுப் போவார்கள். பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது இதுதான். ஒற்றுமையைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். பாடலாசிரியர் எதை எடுத்தார், எதை விட்டார், எதை மாற்றினார், மாற்றியதால் என்ன ஆயிற்று? இதைக் கேட்கும்போதுதான் செய்யுளைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் மூன்று தடவை படித்துவிடுவார்கள்.

சின்ன உதாரணம். குறிப்பறிதல் அதிகாரத்தில் வரும் குறள்:

யான்நோக்குங் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால்
தான்நோக்கி மெல்ல நகும்.

நான் பார்த்தால் அவள் தரையைப் பார்க்கிறாள். நான் பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொள்கிறாள். 1965இல் வந்த 'வாழ்க்கைப் படகு' படத்தில் 'நேற்றுவரை நீ யாரோ' என்ற பாட்டுக்குள் கண்ணதாசன் இதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். தரை மண்ணாகிறது, அதற்கு எதிரில் விண் வந்து சேர்கிறது. இதுவரை பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். "சிரிப்பு எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். பாட்டில் காதலன் அவளிடம் ஒரு புன்னகைதானே என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். குறளில் அந்தப் புன்னகை ஏற்கெனவே வந்துவிட்டது. ஒருவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை, இன்னொருவனுக்குக் கிடைத்ததை வெளியே சொல்லிக்கொள்ளாத குஷி. இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "பார்க்காதவனுக்கு அவள் சிரித்தது எப்படித் தெரியும்?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். குறளை அவர்களே நடத்திவிடுவார்கள்.

ஒரு வகுப்பை முழுதாக எடுத்துக் காட்டுங்களேன்.

பட்டினத்தார் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே' என்று தொடங்குவது. சேர்த்த பொருள் வீட்டோடு நின்றுவிடும், அழுதபடி வரும் மனைவி 'வீதிமட்டே', விம்மி அழும் மகன்கள் 'சுடுகாடு மட்டே'. கடைசி அடி: 'பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே.'

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது 1962இல் வந்த 'பாத காணிக்கை' படத்தின் 'வீடுவரை உறவு'. கண்ணதாசன் எழுதி டி.எம்.சௌந்தரராஜன் பாடியது. முதலில் பல்லவியைக் கரும்பலகையில் எழுதுங்கள், அதற்கு எதிரே பட்டினத்தாரின் நாலு அடி. நடுவில் ஒரு கோடு. எது எதற்குச் சரி என்று கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். வீதிக்கு வீதி, காட்டுக்குக் காடு சேர்ந்துவிடும். வீட்டிடம் வரும்போது முதல் சிக்கல். பட்டினத்தார் வீட்டில் நிறுத்துவது செல்வத்தை. பாட்டு நிறுத்துவது உறவை. துறவிக்கு முதலில் கண்ணில் படுவது பணம், பணத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர். குடும்பக் கதை பார்க்க வந்த கூட்டத்துக்கு எழுதுகிறவருக்கு முதலில் வர வேண்டியது சொந்தபந்தம். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்வார்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

பெரிய சிக்கல் நாலாம் அடியில். பட்டினத்தாரிடம் பதில் இருக்கிறது: வினை கூட வரும். பாட்டில் 'கடைசிவரை யாரோ' என்று நிற்கிறது. பதில் இருந்த இடத்தில் கேள்வி வந்துவிட்டது. "கண்ணதாசனுக்குப் பதில் தெரியாதா ஐயா, இல்ல வேணும்னே விட்டாரா?" என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பதில் இல்லாமல் விட்டதால்தான் பயமாக இருக்கிறது என்றார்கள் சிலர். சினிமா பார்க்க எல்லா மதக்காரர்களும் வருவார்கள், வினை என்று முடித்தால் ஒரு பகுதிக்குத்தான் பொருந்தும் என்றான் ஒருவன். நிலையாமை என்ற தலைப்பில் எவ்வளவு பேசினாலும் கிடைக்காத விவாதம் அது. எந்தப் பக்கம் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். "எந்த அடியை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" என்பது மட்டும்தான் நம்முடைய வேலை.

சங்கப் பாடலுக்கு இது எடுபடுமா? சொல்லே புரியாதே.

சங்கப் பாடலுக்குத்தான் நன்றாக எடுபடும். அங்கேதான் சினிமா அதிகமாகக் கடன் வாங்கியிருக்கிறது. மணிரத்னத்தின் 'இருவர்' (1997) படத்தில் வைரமுத்து எழுதி ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த 'நறுமுகையே' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டலாம். அதில் குறுந்தொகை 40 இருக்கிறது, புறநானூறு 112 இருக்கிறது, பசலையும் (காதல் ஏக்கத்தில் மேனி வெளிறிப்போவது) இருக்கிறது.

புறநானூற்றிலிருந்து தொடங்குங்கள். பறம்புமலைத் தலைவன் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டுக் கொன்ற பிறகு அவன் மகள்கள் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம்; எம்குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார், யாம்எந்தையும் இலமே.

போன பௌர்ணமிக்கு அப்பா இருந்தார், மலையும் எங்களுடையது. இந்தப் பௌர்ணமிக்கு இரண்டும் இல்லை. ஐந்தே அடி. திரைப்பாட்டில் இதே 'அற்றைத் திங்கள்' காதலர் இருவரின் நினைவாக வருகிறது: நிலவில் பொய்கையில் குளித்தவள் நீயா, அப்போது பார்த்தவன் நீயா என்று. இரண்டையும் வாசித்த பிறகு, பாட்டில் இல்லாதது எது என்று கேட்டால் போதும். 'அற்றை' இருக்கிறது, 'இற்றை' இல்லை. பாரி மகளிர் பாட்டில் கனமெல்லாம் இறங்குவது இற்றைத் திங்களில்தான். அதை எடுத்துவிட்டால் அழுகைப் பாட்டு இனிய நினைவாகிவிடுகிறது. அப்பாவை இழந்த பெண்களின் வரியைக் காதலுக்கு எடுத்தது சரியா? இதற்கு மாணவர்களிடம் கடுமையான பதில்கள் வரும். எனக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும், ஆனாலும் வகுப்பில் அதை மறைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பசலை. சங்கக் கவிதையில் பசலை பிரிவால் வரும். அவன் தொட்டால் நீங்கும், விட்டால் படரும். திரைப்பாட்டில் பாண்டிநாடனைக் கண்டதற்கே பசலை வந்துவிடுகிறது. இது பிழையா, கவிஞரின் உரிமையா? திணை, துறை என்று வரையறையாக மனப்பாடம் செய்ததை ஒரு தடவையாவது ஆயுதமாகப் பயன்படுத்திப் பார்க்க இந்த இடம் நல்லது. நானே இதில் இரண்டு பக்கமும் வாதாடியிருக்கிறேன்.

குறுந்தொகை 40 எல்லாருக்கும் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகை வரை வந்துவிட்டது. 'யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்?' அவன் விட்டுப் போய்விடுவானோ என்று அவள் கலங்கியபோது அவன் சொன்ன தேறுதல் என்பது துறைக் குறிப்பு. திரைப்பாட்டில் அந்தக் கலக்கம் போய், எப்படி நேர்ந்தது இது என்ற வியப்பு மட்டும் மிஞ்சுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உன் அம்மா யார், உன் அப்பா எங்களுக்கு என்ன முறை என்பது நம் ஊரில் காதலை மறுக்கிறவர்கள் கேட்கிற கேள்வி. அதே கேள்வியை அந்தக் கவிதையில் காதலனே கேட்டு, ஒன்றுமே இல்லை என்று தானே பதிலும் சொல்லிவிடுகிறான். பதினோராம் வகுப்பில் இதைப் பேசாமல் அந்தக் கவிதையை நடத்துவது வீண் என்பது என் எண்ணம். நிதானமாகப் பேசுங்கள், பெயர் சொல்லிப் பேச வேண்டாம்; வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களின் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

கம்பராமாயணத்துக்கு?

'தோள்கண்டார் தோளே கண்டார்'. மிதிலை வீதியில் இராமன் போகிறான், பார்த்த பெண்களில் தோளைப் பார்த்தவள் தோளிலேயே நின்றுவிட்டாள், காலைப் பார்த்தவள் காலிலேயே. யாருமே முழு உருவத்தைப் பார்க்கவில்லை. இதிலிருந்து வந்தது 'இதயக்கமலம்' (1965) பாட்டு. கம்பனின் 'கண்டார்', பாட்டில் 'கண்டேன்' ஆகிறது. ஊரே பார்த்தது ஒருவன் பார்த்ததாகச் சுருங்குகிறது. கம்பன் கடைசி அடியில், ஒவ்வொரு சமயத்தாரும் கடவுளின் ஒவ்வொரு பகுதியை மட்டுமே கண்டது போல என்று எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விடுவான். பாட்டுக்கு அது தேவையில்லை, காதல் போதும். அரைப் பாடவேளையில் முடிந்துவிடுகிற அழகான இணை இது.

முதலில் பாட்டா, செய்யுளா?

பொதுவாகச் செய்யுள் முதலில். பாட்டை முன்னால் போட்டால் அதன் காட்சியும் நடிகர் முகமும் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிடும். பாரி மகளிர் இடத்தில் பிள்ளைகளுக்குக் கதாநாயகிதான் தெரிவாள். காணொளி காட்டவே வேண்டாம் என்பேன். ஒலி மட்டும், அல்லது வரிகள் மட்டும். ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த பாட்டு என்றால் இந்த விதியைப் பார்க்க வேண்டியதில்லை.

சினிமாப் பாட்டு இலக்கியம்தானா? மாணவர்களுக்குத் தவறான எண்ணம் வந்துவிடாதா?

பாப் டிலனுக்கு 2016இல் இலக்கிய நோபல் கொடுத்தபோது உலகமே இதைச் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டது. நம்மிடம் அதைவிடப் பழைய சாட்சி இருக்கிறது. பரிபாடல் பாட்டுகளின் கீழே எழுதியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் கானல்வரியும் ஆய்ச்சியர் குரவையும் பாடுவதற்கென்றே வந்தவை. வகுப்பில் இந்தக் கேள்வியைத் தீர்க்க வேண்டிய அவசியமில்லை. தரம் குறைந்த பாட்டோடு நல்ல செய்யுளை வைத்தாலும் பாடம் நடக்கும், சில சமயம் அதுதான் நன்றாக நடக்கும்.

நீங்கள் சொல்வதெல்லாம் அறுபதுகளின் பாட்டு. என் மாணவர்களுக்கு அதுவும் சங்கப் பாடல் மாதிரிதான்.

உண்மை. பதினாலு வயதுப் பிள்ளைக்கு 1962 என்பது தாத்தா காலம். கண்ணதாசன் பெயரைக் கேட்டுச் சிலிர்ப்பது நாம்தான், அவர்கள் இல்லை. அதனால் பழைய பாட்டு நேரடியாகச் செய்யுளிலிருந்து பிறந்ததாக இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள். மற்ற நேரத்தில் திசையைத் திருப்பிவிடுங்கள்: செய்யுளை நடத்திவிட்டு, இதற்குப் பொருந்தும் பாட்டை அவர்கள் கொண்டுவரட்டும்.

குறுந்தொகை 6 இதற்கு ஏற்றது. நடு இரவு, ஊர் அடங்கிவிட்டது, உலகமே தூங்குகிறது, 'ஓர்யான் மன்ற துஞ்சா தேனே'. நான் ஒருத்திதான் தூங்கவில்லை. தூக்கம் வராத இரவைப் பற்றிப் பாட்டில்லாத ஆண்டு தமிழ் சினிமாவில் உண்டா? போன மாதம் வந்த பாட்டைக் கூடக் கொண்டுவருவார்கள். கொண்டுவருகிறவர் இரண்டு விஷயம் எழுதித் தர வேண்டும்: இந்தப் பாட்டில் தூங்காதவர் யாரிடம் பேசுகிறார், குறுந்தொகையில் யாரிடம்? யார் மேல் கோபம்? இதோடு ஔவையாரின் குறுந்தொகை 28ஐயும் சேர்த்தால் கோபம் பற்றிய கேள்வி சூடு பிடிக்கும். முட்டட்டுமா, தாக்கட்டுமா, கத்தட்டுமா என்று தூங்குகிற ஊர் மேல் பாய்கிறவள் அவள். நம் பாடல்களில் கோபமாகப் பாடும் பெண் எத்தனை பேர் என்று பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டும். தேடல் சீக்கிரம் முடிந்துவிடும்.

பெண்களைத் திட்டும் பாட்டு, பின்தொடரும் பாட்டு என்று கொண்டுவந்தால் என்ன செய்வது?

கொண்டுவருவார்கள். வேண்டுமென்றே கொண்டுவருவார்கள், நம் முகம் போகிற போக்கைப் பார்க்க. கெட்ட வார்த்தை இருந்தால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். கருத்து கோணலாக இருக்கிறது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை.

குறுந்தொகை 17ஐ எடுங்கள்.

மாவென மடலும் ஊர்ப, பூவெனக்
குவிமுகிழ் எருக்கங் கண்ணியும் சூடுப;
மறுகின் ஆர்க்கவும் படுப;
பிறிதும் ஆகுப காமம்காழ்க் கொளினே.

காமம் முற்றினால் பனைமடலைக் குதிரையாக்கி ஏறுவார்கள், எருக்கம்பூ மாலை சூடுவார்கள், தெருவே சிரிக்கும்படி போவார்கள், அதற்கு மேலும் போவார்கள். 'பிறிதும் ஆகுப' என்பது உயிரை விடுவதைக் குறிக்கிறது என்பார்கள் உரைகாரர்கள். தலைவன் இதைத் தலைவியின் தோழியிடம் சொல்கிறான். எதற்காக? அவள் உதவ வேண்டும் என்பதற்காக. கொஞ்சம் யோசித்தால் இது மிரட்டலும்தான்: நீ உதவாவிட்டால் ஊர் முன்னால் தலைவியின் பெயரையும் சேர்த்து இழுப்பேன். இன்றைய பாட்டில் காதலி வீட்டு வாசலில் நண்பர்களோடு ஆடுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கும் தமிழாசிரியர்கள் நிறையப் பேர். சங்க இலக்கியம் எல்லாம் தூய்மை, சினிமா எல்லாம் குப்பை என்று பிரித்து வைத்திருக்கிறோம் அல்லவா, அது கலைந்துவிடுகிறது. கலையட்டும்.

வித்தியாசமும் இருக்கிறது. மடலேறுகிறவன் அவமானப்படுத்திக்கொள்வது தன்னைத்தான். அவன் உடம்பில்தான் மடலின் கருக்கு கிழிக்கும். திட்டுப் பாட்டில் அவமானம் முழுக்கப் பெண்ணின் தலையில். அப்புறம் பெண் மடலேறக் கூடாது என்ற தொல்காப்பிய விதி, அதையே பெருமையாகச் சொல்லும் திருக்குறள் (1137), அந்த விதியை மீறிப் பெண் குரலில் மடல் பாடிய திருமங்கையாழ்வார் என்று இழுத்துக்கொண்டே போகலாம். பன்னிரண்டாம் வகுப்புக்கு இது தாங்கும். ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம்.

காதலைத் தவிர வேறு கருப்பொருளே கிடையாதா?

நிறைய. நிலமும் நீரும் என்று எடுத்துக்கொண்டால், 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யையும் புறநானூறு 18ஐயும் சேர்க்கலாம். புறப்பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்கிறார்: நீரில்லாமல் உடம்பு இல்லை, 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே', ஆகவே பள்ளமான இடமெல்லாம் நீரைத் தேக்கு, உன் பெயர் நிற்கும். ராஜாவின் பெயர் நிற்கும். ராப் பாடகர் அறிவு எழுதி, அவரும் பாடகி தீயும் பாடிய பாட்டில் பேசுவது மண்வெட்டி பிடித்தவரின் வாரிசு. ஏரி, குளம் எல்லாம் நாய், நரி, பூனைக்கும் சொந்தம். தோட்டம் போட்டு அது செழித்தும் தன் தொண்டை நனையாதவரின் ஒப்பாரி நடுவில் வருகிறது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்பதைச் சொல்லுங்கள். இலங்கையின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இரண்டு நாடுகளும் பிரித்துக்கொள்ள 1964இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தையும் இரண்டு வரியில் சொன்னால், தேயிலை விளைவித்தவர்கள் ஏன் கையில் நிலமில்லாமல் கப்பலேறினார்கள் என்பது புரியும். இப்போது கரும்பலகையில் ஒரே கேள்வி: ஏரியை வெட்டியது யார்? புறநானூறு 18ஐத் திரும்பப் படித்தால் வெட்டியவர்கள் அதில் எங்கேயும் பேசுவதில்லை என்பது தெரியும்.

சாவு இன்னொன்று. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறம் 235: கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான், இறைச்சி இருந்தால் எங்களுக்கு, அம்பும் வேலும் பாயும் இடத்தில் அவன். செத்தவனின் அன்றாடப் பழக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவது. வடசென்னையில் சாவு வீட்டில் பாடும் மரண கானாவும் பெரும்பாலும் இதையே செய்கிறது: எந்த டீக்கடையில் நிற்பான், யாருக்கு என்ன வாங்கித் தருவான் என்று. கானாவை வகுப்புக்குள் கொண்டுவரும்போது சிரிப்புக்காகக் கொண்டுவராதீர்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் அதைக் கேட்டது சொந்த வீட்டு வாசலில்.

மெட்டைப் பற்றிப் பேச எனக்குச் சங்கீதம் தெரியாது.

எனக்கும் தெரியாது. ராகம் தெரிய வேண்டியதில்லை, காது போதும். பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' பாட்டை முதலில் சும்மா வாசிக்கச் சொல்லுங்கள். எந்த மாதிரிக் குரலில் பாடலாம், வேகமாகவா மெதுவாகவா, அழுகையா ஆறுதலா என்று எழுதி வாங்குங்கள். பிறகு 'ஓர் இரவு' (1951) படத்தில் வந்ததைப் போடுங்கள், தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் அமைத்த மெட்டு. எதிர்பார்த்ததற்கும் கேட்டதற்கும் இடையில் உள்ள தூரத்தைப் பேசினாலே போதும்.

சொல்லே மாறாமல் பொருள் மாறுவதற்கு 'நல்லதோர் வீணை செய்தே' பொருத்தம். பாரதி சிவசக்தியிடம் கேட்டது. 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தில் டெல்லியில் வேலை கிடைக்காத இளைஞன் வாயிலிருந்து வருகிறது. புழுதியில் கிடக்கும் வீணை அப்போது வேறு யாரோ ஆகிவிடுகிறது.

ஒரு பாடவேளைதான் கிடைக்கும். சிலபஸ் யார் முடிப்பது?

எல்லாச் செய்யுளுக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு பருவத்துக்கு இரண்டு போதும். பாட்டையும் முழுதாகப் போட வேண்டியதில்லை, பல்லவியும் ஒரு சரணமும். பாதி நேரம் செய்யுள், கொஞ்ச நேரம் பாட்டு, மீதி பேச்சு. பேச்சு நடுவில் மணி அடித்தால் அப்படியே விட்டுவிடுங்கள், மறுநாள் அவர்களே தொடங்குவார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் அவர் வகுப்பும் சேர்ந்து பாடும்.

ஸ்பீக்கர் இல்லை, ஸ்மார்ட் போர்டு வேலை செய்யவில்லை.

பாடத் தெரிந்த பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு.

சினிமாப் பாட்டுக்கா பள்ளிக்கூடம் அனுப்புகிறோம் என்று பெற்றோர் கேட்டால்?

பிள்ளையின் நோட்டைக் காட்டுங்கள். இரண்டு பத்தியாகப் பிரித்துச் செய்யுளும் பாட்டும் எழுதி, கீழே அவன் சொந்தமாக எழுதிய பத்து வரி இருக்கும். கோனார் உரையில் இல்லாத பத்து வரி. இதைப் பார்த்த பிறகும் சண்டை போட்ட பெற்றோரை நான் சந்தித்ததில்லை. தலைமையாசிரியருக்கும் இதே பதில்தான், கூடவே பாடக்குறிப்பில் எந்தச் செய்யுளுக்காக எந்தப் பாட்டு என்று எழுதிவிடுங்கள்.

தேர்வுக்கு இது உதவுமா?

பொதுத்தேர்வில் யாரும் திரைப்பாட்டைக் கேட்கப்போவதில்லை. விடைத்தாளில் பாட்டு வரியை எழுதாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், மதிப்பெண் போகும். உதவி வேறு இடத்தில் இருக்கிறது: மனப்பாடச் செய்யுள் வரிசை மாறாமல் நிற்கும், நயம் பாராட்டும் வினாவில் எழுத ஏதாவது இருக்கும். பள்ளி அளவிலான தேர்வில் இப்படிக் கேட்கலாம்: "இந்தச் செய்யுளை நீ திரைப்பாட்டாக மாற்றினால் எந்த அடியை விடுவாய், ஏன்?" ஐந்து மதிப்பெண். 'ஏன்' என்பதற்கு நாலு.

காப்புரிமைப் பிரச்சினை வருமா?

வகுப்பறைக்குள் வராது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் கற்பித்தலுக்கு இடம் விட்டிருக்கிறது. பள்ளிக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னால் பாடுவதற்கும் இடம் உண்டு. வகுப்பை வீடியோ எடுத்து யூடியூபில் போடும்போதுதான் வம்பு. பின்னணியில் ஒலிக்கும் பாட்டைக் கண்டுபிடித்து உரிமை கோரிவிடுவார்கள். கண்ணதாசன் 1981இல் மறைந்தார். எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு என்பதால் அவர் வரிகளை அச்சடித்து வெளியே விற்க முடியாது. பாரதி விஷயம் வேறு. அவர் பாடல்களை 1949இல் அரசு வாங்கியது, 1955இல் மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. அவர் வரிகளை எங்கே வேண்டுமானாலும் பாடலாம், ஆனால் ஒரு கம்பெனி பதிவு செய்த ஒலித்தட்டு அந்தக் கம்பெனியுடையது.

ஆங்கில ஆசிரியர்களும் செய்யலாமா?

தாராளமாக. எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலை (1847) வைத்து கேட் புஷ் 1978இல் அதே பெயரில் ஒரு பாட்டுப் பாடினார். நாவலில் கேத்தரினின் ஆவி ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சும்போது உள்ளே இருப்பவன் லாக்வுட், வீட்டுக்கு வந்த அந்நியன். பின்னால் ஹீத்கிளிஃப் ஜன்னலைத் திறந்து வா வா என்று அழும்போது வெளியே யாரும் இல்லை. பாட்டிலோ கேத்தரின் நேராக ஹீத்கிளிஃபையே கூப்பிடுகிறாள். நாவல் சேரவிடாத இருவரையும் பாட்டு ஒரே ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நிறுத்திவிடுகிறது. மேலே சொன்ன வழியிலேயே நடத்தலாம்.

முதல் தடவை முயல்கிறேன். எதில் தொடங்கட்டும்?

பட்டினத்தாரில். காதல் இல்லை என்பதால் யாரும் கூச்சப்பட மாட்டார்கள், நாலே அடி, சொல்லும் கடினமில்லை, பாட்டை வீட்டில் பெரியவர்கள் முணுமுணுத்துக் கேட்டிருப்பார்கள். 'நறுமுகையே'யை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மடலை வகுப்பு உங்களோடு நன்றாகப் பழகிய பிறகு, அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம்.